ஓக் பலகையில் ஓர் அரச முகம்: டியூடர் கால உருவப்படங்களை மதிப்பிடுவது எப்படி?

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போர்க்களத்தில் மாண்டார். அவரை வென்ற ஏழாம் ஹென்றியோடு தொடங்கி முதலாம் எலிசபெத்தோடு முடிந்த அரச வம்சம்தான் டியூடர். ரிச்சர்ட் உயிரோடு இருந்தபோது மரப்பலகையில் தீட்டிய உருவப்படம் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. இருப்பவற்றில் மிகப் பழையவை இரண்டு. லண்டனில் உள்ள தொல்பொருள் ஆய்வுச் சங்கமான சொசைட்டி ஆஃப் ஆன்டிகுவரிஸ் வைத்திருக்கும், மேல்பகுதி வளைவாக முடியும் சிறு படம் ஒன்று. பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் உள்ள படம் இன்னொன்று. முதலாவதற்கு 1510ஐ ஒட்டிய காலத்தையும் இரண்டாவதற்கு 1504–20 என்ற காலத்தையும் சொல்கிறார்கள். இரண்டுமே அவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ கடந்த பிறகு வந்தவை.

ஆனாலும் ‘ரிச்சர்டின் உண்மை முகம்’, ‘அரசியின் காணாமல்போன படம் கிடைத்தது’, ‘பலகை அரசர் காலத்தது என நிரூபணம்’ என்றெல்லாம் செய்திகள் வரும்போது வாசகர் குழம்புவது இயல்பு. மரத்தின் வயதைக் கண்டுபிடித்துவிட்டால் ஓவியரும் தெரிந்துவிட்டதாக ஒரு செய்தி பேசும். முகம் அடையாளம் தெரிந்தால் படம் அசல் என்று இன்னொன்று பேசும். அப்படி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ முடியாது. ஏன் முடியாது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## பிரித்துக் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. பலகையும் வண்ணமும் எந்தக் காலத்தவை?
2. படத்தில் இருப்பவர் யார்?
3. தீட்டிய கை யாருடையது?
4. இன்று கண்ணுக்குத் தெரிவதில் எவ்வளவு முதல் ஓவியருடையது, எவ்வளவு பின்னால் வந்தவர்கள் பூசியது?

ஒவ்வொரு சோதனையும் இவற்றில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் பதில் சொல்லும். மர வளையம் முதல் கேள்விக்கு உரியது. அணிந்திருக்கும் நகை இரண்டாவதற்கு உரியது. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலைத் தூக்கி மூன்றாவதற்குப் போடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

## பலகை: மரத்தைக் கேட்டுப் பெறும் கணக்கு

இத்தாலியில் பாப்லர் மரம், வட ஐரோப்பாவில் ஓக், பிரான்சில் ஓக்கோடு வால்நட்டும் என்று ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். டியூடர் அரசவைப் படங்களில் பெரும்பாலானவை ஓக்கில் தீட்டியவை. அந்த ஓக்கும் பெரும்பாலும் இங்கிலாந்து மரம் இல்லை. கதான்ஸ்க் போன்ற பால்டிக் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்தது. குளிர்ப் பகுதியில் மெல்ல வளர்ந்த மரம் என்பதால் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். சுமார் 25 செ.மீ. அகலப் பலகையில் 150, 200 வளையங்கள் இருப்பது சாதாரணம்.

மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, சக்கரத்தின் ஆரக்கால் போல, பலகைகளைப் பிளந்தெடுத்தார்கள். அப்படி எடுத்த பலகை குறைவாகவே நெளியும். இன்று நமக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு: பலகையின் மேல் அல்லது கீழ் விளிம்பைப் பார்த்தால் வளையங்கள் அத்தனையும் வரிசையாகக் கோடுகளாகத் தெரியும். அகலமான படம் வேண்டுமென்றால் இரண்டு மூன்று பலகைகளைப் பக்கவாட்டில் வஜ்ஜிரம் போட்டு ஒட்டினார்கள். சில நேரம் மூட்டுக்குள் மர ஆணியும் செருகினார்கள்.

ஆய்வு நடக்கும் விதம் இது. படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, விளிம்பின் ஒரு கீற்றைக் கூரிய கத்தியால் சுத்தம் செய்து, ஒவ்வொரு வளையத்தின் அகலத்தையும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை அளப்பார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாகவும் மோசமான ஆண்டில் குறுகலாகவும் இருக்கும். இந்த ஏற்ற இறக்க வரிசையை, ஏற்கெனவே ஆண்டு உறுதியான பால்டிக் வரிசையோடு பொருத்துவார்கள். பொருந்திவிட்டால் பலகையில் மிஞ்சியிருக்கும் கடைசி வளையம் எந்த ஆண்டுக்குரியது என்று துல்லியமாகச் சொல்லலாம்.

துல்லியம் அத்தோடு நிற்கிறது. மரத்தின் உள்ளே இருப்பது வைரம், பட்டையை ஒட்டி வெளியே இருப்பது வெளிறு. வெளிறு மென்மையானது, புழு அரிக்கும். அதனால் பலகை செய்பவர் அதைச் சீவி எறிந்துவிடுவார். கடைசியாக மிஞ்சியிருக்கும் வைர வளையத்தோடு, தொலைந்துபோன வெளிறு வளையங்களைக் கூட்டியாக வேண்டும். பால்டிக் ஓக்கில் இவை பொதுவாக எட்டு ஒன்பதுக்குக் குறைவதில்லை. நாற்பதைத் தாண்டுவதும் அரிது.

கணக்குக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மூன்று பலகைகள் சேர்ந்த ஒரு படம். அவற்றின் கடைசி வளையங்கள் 1469, 1478, 1491. இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது மிகப் பிந்திய 1491. அதோடு 8 சேர்த்தால் 1499. அதற்கு முன் அந்த மரத்தை வெட்டியிருக்க முடியாது. ஆகவே படமும் 1499க்கு முந்தியது அல்ல. வெட்டிய மரம் கப்பலேறி, உலர்ந்து, ஓவியர் கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள்:

1. ஒரே பலகையை அளந்து முடிவுக்கு வருவது. மேலே உள்ள உதாரணத்தில் 1469 பலகையை மட்டும் பார்த்தவர் 22 ஆண்டு பிசகிவிடுவார்.
2. வெளிறோடு சேர்த்து வைரத்தையும் அதிகமாகச் சீவியிருப்பார்கள் என்பதை மறப்பது. எத்தனை வளையம் அப்படிப் போயிற்று என்பதற்கு மரத்தில் சாட்சி இல்லை.
3. தவறான வட்டார வரிசையோடு பொருத்துவது. 1970களில் இங்கிலாந்து அல்லது நெதர்லாந்து மரம் என்று எண்ணிக் கணக்கிட்ட பல பலகைகள் பால்டிக் மரம் என்பது 1980களில் தெளிவானது. கணக்குகளைத் திருத்த வேண்டிவந்தது. பழைய பட்டியலில் உள்ள மர வளைய ஆண்டை அப்படியே எடுத்தாளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.
4. மர வளையம் ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டுமே சொல்லும் என்பதை மறப்பது. ‘இதற்குப் பின் இல்லை’ என்று அது ஒருபோதும் சொல்லாது. பழைய அலமாரிப் பலகையிலும் பழைய படத்தின் மீதும் யாரும் எப்போதும் தீட்டலாம்.

ஒரு படம் அசல் என்ற வாதத்தை உடைப்பதில் மர வளையத்துக்கு நிகர் வேறில்லை. முதலாம் எலிசபெத் முடிசூட்டு உடையில், அவிழ்த்துவிட்ட கூந்தலோடு, செங்கோலும் உருண்டையும் ஏந்தி நிற்கும் புகழ்பெற்ற படம் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கிறது. முடிசூட்டு நடந்தது 1559 ஜனவரியில். பலகையோ அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தியது. ஆகவே இது 1600ஐ ஒட்டி, இன்று கிடைக்காத ஒரு மூலத்தைப் பார்த்துத் தீட்டிய படி என்று கேலரி முடிவு செய்தது. படத்தில் உள்ள உடை உண்மை, நிகழ்ச்சியும் உண்மை. ஆனால் தீட்டியவர் அந்த நாளைக் கண்ணால் பார்த்துத் தீட்டவில்லை.

மர வளையம் இரண்டு படங்களை ஒன்று சேர்த்ததும் உண்டு. எலிசபெத்தின் ‘ஃபீனிக்ஸ்’ படம் லண்டனிலும் ‘பெலிகன்’ படம் லிவர்பூல் வாக்கர் கேலரியிலும் இருக்கின்றன. இரண்டின் பலகைகளும் ஒரே இரண்டு மரங்களிலிருந்து வந்தவை என்று ஆய்வில் தெரிந்தது. முகக் கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் திருப்பிப்போட்டுப் பார்த்தால் அவையும் ஒத்துப்போகின்றன. ஒரே பட்டறை, ஏறத்தாழ ஒரே சமயம் என்று இதிலிருந்து சொல்லலாம். எலிசபெத் கால ஓவியர் நிக்கலஸ் ஹில்லியார்டின் பெயரோடு இரண்டையும் இணைத்துப் பேசுவதற்கு அது வலு சேர்க்கிறது. ஆனால் தூரிகை பிடித்தது அவருடைய கையா, உதவியாளருடையதா என்பதை மரம் சொல்லாது.

## வண்ணத்துக்கு அடியில்

பலகை மீது நேரடியாகத் தீட்டுவதில்லை. வட ஐரோப்பாவில் சீமைச் சுண்ணாம்பைப் பசையோடு குழைத்து வெள்ளை அடிப்பூச்சு போட்டார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சுண்ணாம்புக்குப் பதில் ஜிப்சம். அதன் மேல் ஈய வெள்ளை கலந்த மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று வரும். டியூடர் படங்களில் இது வெளிர் சாம்பலாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். வடக்கத்திய படம் என்று சொல்லப்படும் பலகையில் ஜிப்சம் அடிப்பூச்சு தென்பட்டால், ‘எங்கே செய்தது?’ என்ற கேள்வியை மறுபடி எழுப்ப வேண்டும்.

அடிப்பூச்சின் மேல் ஓவியர் போட்ட கோடுகளைப் பார்க்க அகச்சிவப்புக் கதிர் உதவுகிறது. பல நிறமிகளை அது ஊடுருவிப் போகும். கரியில் பட்டால் உறிஞ்சப்படும். அதனால் கரி அல்லது கரி மையால் போட்ட கோடு கறுப்பாகவும் பின்னால் உள்ள வெள்ளைப் பூச்சு வெளிச்சமாகவும் தெரியும். செஞ்சுண்ணத்தில் வரைந்திருந்தால் எதுவும் தெரியாது. ‘அடிக்கோடு தெரியவில்லை’ என்பதை ‘அடிக்கோடே இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது.

தயங்கித் தயங்கிப் போட்ட கோடு, இடம் மாற்றிய விரல், சற்றே நகர்த்திய மூக்கு ஆகியவை யோசித்து வரைந்ததன் அடையாளம். ஒரே அழுத்தத்தில் ஓடும் ஒற்றைக் கோடோ வரிசைப் புள்ளிகளோ வேறொரு வரைவிலிருந்து ஏற்றியதன் அடையாளம். தாளில் கோட்டு வழியே ஊசியால் துளையிட்டு, மேலே கரித்தூளைத் தட்டினால் கீழே புள்ளிகள் விழும். ஆரி வேலைக்காரர்கள் துணியில் டிசைன் ஏற்றுவது இதே முறையில்தான். அரசவை ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் 1537இல் வைட்ஹால் அரண்மனைச் சுவரில் எட்டாம் ஹென்றியைத் தீட்ட, ஆளுயரத் தாள் வரைவில் இப்படித்தான் துளையிட்டார். சுவரோவியம் 1698 தீயில் அழிந்தது. தாளின் ஒரு பகுதி நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இன்றும் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ஏற்றிய கோடு இருக்கிறது, ஆகவே நகல்’ என்று சொல்லிவிட முடியாது. அரசரோ அரசியோ ஓவியர் முன் மணிக்கணக்கில் உட்கார மாட்டார்கள். ஒரு முறை எடுத்த முக வரைவுதான் பட்டறையின் மூலதனம். தலைமை ஓவியரே அதிலிருந்து பல படங்களைச் செய்வார். கோடு ஏற்றியதா என்பதைவிட, ஏற்றிய பிறகு தீட்டும்போது அதை மீறினாரா என்பதே முக்கியம். நகலெடுப்பவர் கோட்டுக்குள் நிற்பார். உருவத்தைப் புரிந்தவர் கோட்டைத் தாண்டித் தாடையைத் திருத்துவார், காதைத் தள்ளி வைப்பார்.

## ரிச்சர்டின் தோள்

நான்காவது கேள்வியை விளக்க அரச சேகரிப்பில் உள்ள ரிச்சர்ட் படத்தைவிட நல்ல பாடம் கிடையாது. விரலில் மோதிரத்தைப் பிடித்தபடி நிற்கும் அந்தப் படத்தில் அவருடைய வலது தோள் உயர்ந்து தெரிகிறது. எக்ஸ்ரே எடுத்தபோது, தோள் முதலில் தாழ்வாக இருந்ததும் பிறகு உயர்த்திப் பூசியதும் தெரிந்தது.

எக்ஸ்ரேயில் ஈய வெள்ளை வெளுப்பாகவும் துணியின் கறுப்பு இருட்டாகவும் விழும். ஓவியர் உருவத்துக்கு இடம் விட்டு, சுற்றிலும் பின்னணியைப் பூசியிருப்பார். பின்னால் ஒருவர் தோளைப் பெரிதாக்கினால், புதிய தோளுக்கு அடியிலும் பின்னணிப் பூச்சு தொடர்ந்து ஓடும். கண்ணுக்கு ஓர் எல்லைக் கோடு, எக்ஸ்ரேக்கு வேறோர் எல்லைக் கோடு.

இப்படி ஒரு மாற்றம் தெரிந்ததும் அடுத்துக் கேட்க வேண்டியது: ஓவியரே மனம் மாறித் திருத்தியதா, பிற்காலத்தார் கை வைத்ததா? இரண்டையும் பிரித்தறிய மூன்று வழிகள் உண்டு.

1. இரண்டு வண்ணப் படலங்களுக்கு இடையே அழுக்கோ வார்னிஷோ இருக்கிறதா? இருந்தால் நடுவே காலம் கடந்திருக்கிறது.
2. கீழ்ப் படலத்தின் வெடிப்புகளுக்குள் மேல் வண்ணம் இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால், கீழே உள்ளது காய்ந்து வெடித்த பிறகே மேலே பூசினார்கள்.
3. மேல் படலத்தின் நிறமி படத்தின் காலத்துக்கு உரியதா?

இதற்குத் தூசி அளவே உள்ள வண்ணத் துணுக்கு போதும். ஏற்கெனவே உதிர்ந்த இடத்தின் ஓரத்திலிருந்தோ விளிம்பிலிருந்தோ எடுத்து, பிசினில் பதித்து, குறுக்காகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் படலங்கள் அடுக்கடுக்காகத் தெரியும்.

தோளை உயர்த்தியது டியூடர்களின் அவதூறுப் பிரசாரம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 2012இல் லெஸ்டர் நகரில் வாகன நிறுத்தத்துக்கு அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தபோது, முதுகெலும்பு பக்கவாட்டில் வலுவாக வளைந்திருந்தது தெரிந்தது. கூனல் இல்லை, சூம்பிய கையும் இல்லை. ஆனால் வலது தோள் இடதைவிடச் சற்று உயர்ந்திருக்கும். அதாவது, மேல்பூச்சு முதல் ஓவியருடையது இல்லை என்றாலும், அது சுட்டும் உடல் உண்மை ஓரளவு சரியானது. எக்ஸ்ரே பூச்சின் வரிசையைக் காட்டும். பூசியவரின் நோக்கத்தைக் காட்டாது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எழுதும் விளக்கங்களை நம்பக் கூடாது.

எலிசபெத்தின் இன்னொரு படத்தில் கை மலர்க்கொத்தைப் பிடித்திருப்பதாகத் தெரியும். மேல் வண்ணம் தேய்ந்து, அடியிலிருந்த பாம்பு மெல்ல வெளியே தெரியத் தொடங்கியது. முதலில் கையில் பாம்பைத் தீட்டி, பிறகு ரோஜாக்களால் மூடியிருக்கிறார்கள். அதற்கும் அடியில், முடிக்காமல் விட்ட வேறொரு பெண்ணின் முகமும் இருக்கிறது. பழைய பலகையில் புதிய படம் என்ற எச்சரிக்கைக்கு இதுவே நேரடிச் சான்று.

## யாருடைய முகம்?

முகச் சாயலை வைத்து ஆளை அடையாளம் காண்பது மிகவும் பலவீனமான வழி. ஓர் ஓவியர் தீட்டும் முகங்கள் ஒன்றுக்கொன்று சாயல் கொள்ளும். அடையாளத்தை நிலைநாட்டுபவை நகை, உடை, எழுத்து, ஆவணம்.

1540களைச் சேர்ந்த ஆளுயரப் படம் ஒன்றை நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி 1965இல் வாங்கியபோது, அதில் இருப்பவர் ஒன்பது நாள் அரசி ஜேன் கிரே என்று எடுத்துக்கொண்டார்கள். பல ஆண்டுகள் பாடநூல்களில் ஜேன் கிரேயின் முகமாக அது வலம்வந்தது. 1996இல் ஆய்வாளர் சூசன் ஜேம்ஸ் அந்தப் பெண் மார்பில் அணிந்திருந்த கிரீட வடிவ நகையை, எட்டாம் ஹென்றியின் ஆறாவது மனைவி கேத்தரின் பாரின் நகைப் பட்டியலோடு ஒப்பிட்டார். பொருந்தியது. படத்துக்குக் கேத்தரின் பார் என்ற பெயர் திரும்பிவந்தது. முகத்தில் எதுவும் மாறவில்லை. ஒரு நகையின் மணிகளை எண்ணியதில் அரசி மாறிவிட்டார்.

லாம்பெத் அரண்மனையில் நெடுநாள் ‘கேத்தரின் பார்’ என்று தொங்கிய படமோ எதிர்த்திசையில் போயிற்று. 1512இல் பிறந்த கேத்தரின் பார் அரசியானது 1543இல். படத்தில் உள்ள தலையணியும் உடையும் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முந்தியவை. ஆய்வுக்குப் பின், அது ஹென்றியின் முதல் மனைவி அரகான் கேத்தரின் என்று 2013இல் அறிவித்து, அதே காலத்து ஹென்றி படத்தின் பக்கத்தில் வைத்தார்கள்.

படத்தின் மேல் எழுதியிருக்கும் பெயரை அப்படியே ஏற்கக் கூடாது. பிற்காலச் சேகரிப்பாளர்கள் பெயர் எழுதிவைப்பது வழக்கம். 1590ஐ ஒட்டி லம்லி பிரபு தம் படங்களில் சிறு தாள் துண்டு ஒட்டியது போலத் தீட்டி, அதில் பெயர் எழுதச் செய்தார். எழுத்து முதல் வண்ணத்தோடு ஒட்டிப் பிறந்ததா, வெடிப்பின் மேல் ஓடுகிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். எழுத்து நம்பகமானதாக அமைந்தால் அது பொன்னான சாட்சி. ஏழாம் ஹென்றியின் 42.5 × 30.5 செ.மீ. சிறு படத்தில், பேரரசர் மாக்ஸிமிலியனின் முகவர் ஹெர்மன் ரிங்க் கட்டளைப்படி 1505 அக்டோபர் 29 அன்று தீட்டியது என்ற குறிப்பு இருக்கிறது. மாக்ஸிமிலியனின் மகளோடு ஹென்றிக்கு மறுமணம் பேசிய காலம் அது. நாள், காரணம், கட்டளையிட்டவர் மூன்றும் தெரிகின்றன. ஓவியர் பெயர் மட்டும் அதில் இல்லை.

## யாருடைய கை?

கையொப்பமே தவறான வழியில் கொண்டுபோன கதை ஒன்று உண்டு. முதலாம் மேரியின் 1554 படம் உட்பட ஒரு தொகுதிப் படங்களில் ‘எச் ஈ’ என்ற இணைப்பெழுத்து இருக்கிறது. லூக்காஸ் டி ஹீரே என்பவரின் குறி என்று அதை நெடுங்காலம் படித்தார்கள். அவர் பிறந்ததே 1534இல். இங்கிலாந்துக்கு வந்தது 1560களில். 1913இல் லயனல் கஸ்ட், லம்லியின் 1590 பட்டியலில் இருந்த ஒரு பெயரோடு அந்த எழுத்தை இணைத்து, அது ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த ஹான்ஸ் ஈவொர்த் என்று காட்டினார். ஒரு பட்டியல் வரியால் ஓர் ஓவியரின் வாழ்நாள் உழைப்பே இன்னொருவர் கணக்கிலிருந்து மீண்டது.

கையொப்பம் இல்லாதபோது செலவுக் கணக்கு கைகொடுக்கும். பின்னாளில் முதலாம் மேரியான இளவரசி மேரியின் 1544 நவம்பர் செலவுக் குறிப்பில், ‘தம்மை ஒரு பலகையில் வரைந்த ஜான் என்பவருக்கு’ ஐந்து பவுண்டு கொடுத்த செய்தி இருக்கிறது. அதே ஆண்டு எழுதிய மேரி படம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. இரண்டையும் இணைத்து அந்த ஓவியரை ‘மாஸ்டர் ஜான்’ என்கிறார்கள். மேலே சொன்ன கேத்தரின் பார் படத்தை அவருடையதாகச் சொல்வது, துணியையும் நகையையும் தீட்டிய விதம் மேரி படத்தோடு ஒத்துப்போவதை வைத்து. முதல் இணைப்புக்கு ஆவணம் இருக்கிறது. இரண்டாவது கண் சொல்லும் தீர்ப்பு. இரண்டின் வலுவும் ஒன்றல்ல.

நிறமிச் சோதனை இங்கே எதிர்மறை சாட்சியாகவே பயன்படும். ஈய வெள்ளை, சாதிலிங்கம், அசுரைட், தாமிரக் களிம்புப் பச்சை, ஈய-வெள்ளீய மஞ்சள் ஆகியவை பதினாறாம் நூற்றாண்டில் எல்லாப் பட்டறையிலும் இருந்தவை. அவை யாரையும் சுட்டா. பிரஷ்யன் நீலம் 1700களின் தொடக்கத்தில் வந்தது, டைட்டானியம் வெள்ளை இருபதாம் நூற்றாண்டினது. ஆனால் அவை தென்பட்டவுடன் ‘போலி’ என்று முடிவுகட்டக் கூடாது. பழுதுபார்த்த இடத்திலும் இருக்கலாம். எந்தப் படலத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி எல்லாப் படலங்களின் தனிமங்களையும் சேர்த்துக் காட்டும். மேலா கீழா என்று எளிதில் பிரித்துக் காட்டாது. மறுபக்கம், ஈய-வெள்ளீய மஞ்சள் 1750ஐ ஒட்டிப் பயன்பாட்டிலிருந்து மறைந்து, 1941இல்தான் மறுபடி அடையாளம் காணப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலிக்காரருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஆகவே முதல் படலத்தில் அது இருப்பது நல்ல அறிகுறி.

## ஏலப் பட்டியலின் சொற்கள்

விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஓவியர் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒரு சொல். அவற்றுக்குத் திட்டமான பொருள் உண்டு.

1. பெயர் மட்டும்: அவரே தீட்டியது என்பது பட்டியலிடுபவரின் கருத்து.
2. ‘அவருடையதாகக் கருதப்படுவது’: முழுமையாகவோ ஒரு பகுதியோ அவர் கையாக இருக்கலாம்.
3. ‘அவருடைய பட்டறை’: அவர் பட்டறையில், ஒருவேளை அவர் மேற்பார்வையில் செய்தது.
4. ‘அவருடைய வட்டம்’: அதே காலம், அவர் தாக்கம் தெரிகிறது, அவ்வளவே.
5. ‘அவரைப் பின்பற்றியவர்’: பாணி அவருடையது, மாணவராக இருக்க வேண்டியதில்லை.
6. ‘அவர் பாணியில்’: பாணி அவருடையது, காலம் பிந்தியது.
7. ‘அவரைப் பார்த்து’: அவர் படத்தின் நகல், எந்தக் காலத்ததாகவும் இருக்கலாம்.

‘கையொப்பமிட்டது’ என்பதும் ‘கையொப்பம் காணப்படுகிறது’ என்பதும் வேறு. இரண்டாவது, அதை எழுதியவர் ஓவியர் இல்லை என்ற ஐயத்தைச் சொல்கிறது.

டியூடர் அரச முகங்களில் பெரும் எண்ணிக்கை, பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய மாளிகைகளின் நீண்ட கூடங்களில் மாட்டுவதற்காக வரிசையாகச் செய்தவை. அவற்றை நான் போலி என்று சொல்ல மாட்டேன். ஒரு காலத்தின் நேர்மையான தேவைக்குச் செய்தவை அவை. சந்தைக்கு வரும்போது அவற்றுக்கு ஹோல்பைன் பெயரை ஒட்டுவதுதான் குற்றம்.

## பலகையின் உடல்நிலை

முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய பலகையின் பின்விளிம்பு நான்கு பக்கமும் சட்டத்துக்குள் போவதற்காகச் சரிவாகச் சீவியிருக்கும். மூன்று பக்கம் சரிவு இருந்து நான்காவதில் இல்லையென்றால், அந்தப் பக்கம் பின்னால் அறுத்திருக்கிறார்கள். முதல் சட்டத்தோடு சேர்த்தே அடிப்பூச்சு போட்ட படத்தில், விளிம்பு ஓரமாகப் பூச்சு சிறு வரப்பு போல மேடிட்டு நிற்கும். அந்த வரப்பு இருக்கும் பக்கம் அறுபடாதது. கிரீடத்தோடு ‘சி ஆர்’ என்று சூடுபோட்ட முத்திரை முதலாம் சார்லஸின் சேகரிப்பைக் காட்டும்; அவருடைய படங்களை ஆபிரகாம் வான் டெர் டோர்ட் 1639இல் பட்டியலிட்டார். மன்னரின் தலை போனபின் 1649 முதல் அந்தச் சேகரிப்பு விற்பனைக்குப் போனதால், விற்பனைக் குறிப்புகளையும் தேடலாம்.

பிற்காலத்தில் நெளிந்த பலகையை நிமிர்த்த, பின்பக்கத்தை இழைத்து மெலிதாக்கி, கட்டம் கட்டமாக மரச் சட்டகம் ஒட்டினார்கள். பலகையின் நாரோட்டத்தில் போகும் கட்டைகள் ஒட்டியவை. குறுக்கே போகும் கட்டைகள் நகர வேண்டியவை. காலப்போக்கில் குறுக்குக் கட்டை இறுகிவிடும். மரமோ காற்றின் ஈரத்துக்கேற்பக் குறுக்குவாட்டில் சுருங்கி விரியும். நகர வழியில்லாமல், மூட்டிலோ அதற்குப் பக்கத்திலோ பிளந்து, வண்ணத்தையும் கூடவே தூக்கிவிடும். இந்த இழைப்பில் முத்திரைகளும் பழைய எழுத்துகளும் போய்விடுவது வேறு இழப்பு. பலகைப் படத்துக்கு 50–55 சதவீத ஈரப்பதம் ஏறி இறங்காமல் இருப்பது நல்லது; எண்ணைவிட நிலையாக இருப்பதே முக்கியம்.

புற ஊதா விளக்கில் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும். அதன் மேல் பூசிய புதிய ஒட்டு வேலை கறுத்துத் தெரியும். வார்னிஷுக்கு அடியில் உள்ள பழைய ஒட்டு வேலையை அந்த ஒளி காட்டாது. பக்கவாட்டு ஒளியில் உப்பலும் உதிர்வும் தெரியும்.

நிறம் மங்குவதும் நிலைமைக் குறிப்பின் ஒரு பகுதி. எலிசபெத்தின் ‘டார்ன்லி’ படத்தில் வெளுத்துப்போன முகம், அரசியின் குளிர்ந்த கம்பீரம் என்று புகழ்பெற்றது. ஆய்வில், சாயத்திலிருந்து செய்த சிவப்பு நிறமி வெளிச்சத்தில் வெளுத்திருப்பது தெரிந்தது. முதலில் கன்னத்தில் ரத்த ஓட்டம் இருந்தது. உடையின் வேலைப்பாடு செந்நிறமாக இருந்தது. மதிப்பீட்டுக் குறிப்பில் ‘வெளிறிய முகம்’ என்று எழுதுவதா, ‘சிவப்பு வெளுத்த முகம்’ என்று எழுதுவதா என்பதில் படத்தின் பொருளே மாறிவிடுகிறது.

ரிச்சர்டின் மரபணு முடிவு 2014இல் வெளியானபோதும் இதே கவனம் தேவைப்பட்டது. கண் நீலமாக இருக்க 96 சதவீதமும், முடி, குறைந்தது சிறுவயதிலாவது, பொன்னிறமாக இருக்க 77 சதவீதமும் வாய்ப்பு என்றது ஆய்வு. கிடைத்த படங்களில் இதற்கு மிக நெருங்கியது ஆன்டிகுவரிஸ் சங்கத்தின் வளைவுப் படம் என்றார்கள். மஞ்சளித்த வார்னிஷ் நீலத்தைப் பச்சையாகவும் பொன்முடியைப் பழுப்பாகவும் காட்டக்கூடியது. நிறத்தை ஒப்பிடும்போது அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தப் பொருத்தம் இரண்டாவது கேள்விக்கு வலு சேர்க்கிறது: ரிச்சர்டை நேரில் பார்த்த ஒருவரின் வரைவு இந்தப் படத்துக்குப் பின்னால் எங்கோ இருந்திருக்கலாம். முதல் கேள்விக்கான பதில் அதனால் மாறவில்லை; அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து வந்த பலகை அது. ஓவியர் என்ற இடத்தில் பட்டியல்கள் இன்னும் ‘பெயர் தெரியாதவர்’ என்றே எழுதுகின்றன.